வாரேன் என்றொரு மாபெரும் திட்டம்

மகாசமுத்ரா மென்பொருள் நிறுவனத்தின் சேலம் கிளை, சீலநாயக்கன்பட்டி பைபாஸ் ஓரத்தில், முன்பு கல்யாண மண்டபமாக இருந்த கட்டடத்தில் நடந்து வந்தது. வாங்கிய அவசரத்தில் வாசலில் இருந்த ‘மணமக்களை வாழ்த்த வருக வருக’ வளைவை எடுக்க மறந்துவிட்டார்கள். எடுக்கலாமா என்று கேட்டு அனுப்பிய விண்ணப்பம் பெங்களூர் தலைமையகத்தில் இன்னமும் பரிசீலனையில் இருக்கிறது. மணமகன் அறையில் கிளை மேலாளர் உட்கார்ந்திருந்தார். மணமகள் அறையில் சர்வர்கள் குளுகுளுவென்று இருந்தன. பந்திக்கூடத்தில் இலை போட்ட வரிசையிலேயே கம்ப்யூட்டர்களைப் போட்டிருந்தார்கள். தினமும் காலையில் மொத்தக் கிளையும் மணமேடையில் ஏறி நின்றுகொண்டு கூட்டம் நடத்தும். உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடும் என்பதால் அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டும் என்பது உலக வழக்காம். நின்றுகொண்டே மதியச் சாப்பாடு வரை பேசுவார்கள்.

இந்தக் கிளையில்தான் ராசிபுரம் பிரவீனா அப்ரண்டிஸாகச் சேர்ந்தாள். அவளுடைய அப்பா கண்ணுசாமி நாமக்கல்லிலிருந்து கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவர். மகளுக்குச் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை என்றதும் லாரி ஸ்டாண்டில் ஒரு ஆள் விடாமல் மைசூர்பாகு கொடுத்துவிட்டார். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, ஒரு வருடப் பயிற்சிதான் என்று பிரவீனா சொன்னது மைசூர்பாகு தின்ற சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

நிரந்தரம் ஆவதற்கு ஒரே ஒரு விதி. வருடம் முடிவதற்குள் அப்ரண்டிஸ் தன் கையால் ஒரு வரியாவது கோடு, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை, எழுத வேண்டும், அது நிறுவனத்தின் மென்பொருளில் ஓட வேண்டும். ஓடினால் வேலை. ஓடாவிட்டால் பூங்கொத்தும் வணக்கமும். பிரவீனாவுக்கு இது சிரிப்பாக இருந்தது. காலேஜில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவளுக்கு ஒரு வரி எம்மாத்திரம்? சேர்ந்த அன்றே எழுதிவிட்டு மதியம் தயிர்சாதம் சாப்பிடலாம் என்று நினைத்தாள்.

கோடு எழுத ஆக்சஸ், அதாவது கம்ப்யூட்டருக்குள் நுழையும் அனுமதி, வேண்டும் என்றார்கள். கேட்டாள். ஆக்சஸ் நிரந்தரப் பணியாளர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். நிரந்தரம் ஆவதற்குத்தானே கோடு எழுத வேண்டும் என்று கேட்டாள். சரியான கேள்வி என்று பாராட்டி, அதைக் கேள்விகள் பெட்டியில் போட்டார்கள். கிளை மேலாளர் தமிழரசு அவளை அழைத்து நிதானமாக விளக்கினார். எடப்பாடிக்காரர், நல்ல மனிதர். ஆபீஸுக்குள் வந்தால் மட்டும் மேடைத் தமிழ் வந்து அவர் நாக்கில் உட்கார்ந்துகொள்ளும்.

“இது ஒரு சுழற்சிம்மா. சுழற்சியில தொடக்கம்னு ஒரு புள்ளி கிடையாது. தொடக்கத்தைத் தேடறது பழைய சிந்தனை. இங்க எல்லாருமே ஓனர்ஸ். ஓனர் மாதிரி யோசிங்க.”

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் இதைச் சொன்னாள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார். “எல்லாரும் ஓனருன்னா வண்டிய ஆரு சாமி ஓட்டறது?”

இப்படியே ஆடியும் போயிற்று, ஐப்பசியும் போயிற்று. தினமும் காலையில் மணமேடையில் நின்று, நேற்று ஆக்சஸ் வரவில்லை, இன்றைக்கு வருமா என்று பார்க்கிறேன், தடங்கல் ஆக்சஸ் இல்லாததுதான் என்று சொல்வாள். எல்லாரும் தலையாட்டுவார்கள். பிறகு போய் ஆக்சஸ் இல்லாத கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து, நேர்மை பற்றிய வீடியோ, நெருப்பணைப்பு பற்றிய வீடியோ, வீடியோக்களை எப்படிப் பார்ப்பது என்பது பற்றிய வீடியோ ஆகியவற்றைப் பார்ப்பாள்.

தை மாதத்தில் தலைமையகம் ‘சாட்சி’யை அனுப்பியது. அது ஒரு செயற்கை மூளை. பார்க்க ஒலிபெருக்கி மாதிரிதான் இருக்கும். மணமேடையில் முன்பு மாப்பிள்ளை பொண்ணு பெயரைத் தெர்மகோலில் ஒட்டும் இடத்தில் அதை மாட்டினார்கள். எல்லாருடைய போனிலும் அதன் குட்டி ஒன்றை ஏற்றினார்கள். யார் என்ன பேசினாலும் கேட்டு, ஆங்கிலத்தில் மாற்றி, யார் எதைச் செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதி உடனுக்குடன் பெங்களூருக்கு அனுப்பிவிடும். அதன் பிறகு நிறுவனத்தில் சாட்சி எழுதியதுதான் நடந்தது. எழுதாதது நடக்கவில்லை.

மாட்டிய முதல் நாள் கூட்டம் முடிந்தது. பிரவீனா பையை எடுத்துக்கொண்டு, பொதுவாக எல்லாரையும் பார்த்து, “அப்ப வாரேனுங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சேலம் நாமக்கல் பக்கத்தில் எந்த இடத்தை விட்டும் யாரும் போவது கிடையாது. எழுந்து செருப்பை மாட்டுகிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். ‘போறேன்’ என்று சொல்லிக் கிளம்பினால் வீட்டில் இருப்பவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொள்வார்கள். ஊரில் பிறந்த நாய்க்குட்டிக்கும் இது தெரியும். சாட்சி பெங்களூரில் பிறந்தது. ‘பிரவீனா வருகிறார், தேதி குறிப்பிடவில்லை’ என்று அது எழுதி அனுப்பியது.

தலைமையகத்தில் பரபரப்பு. சேலம் கிளை திறந்த நாளிலிருந்து அங்கிருந்து எதுவுமே வந்தது கிடையாது. இப்போது ஏதோ வருகிறது. அதுவும் ஒரு அப்ரண்டிஸிடமிருந்து. என்ன வருகிறது, எப்போது வருகிறது, அதற்கு என்ன பெயர் என்று கேட்டு மெயிலுக்கு மேல் மெயில். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாதபடி அந்தப் படிவத்தைச் செய்திருந்ததால், தமிழரசு ‘வாரேன்’ என்று ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினார்.

பிரவீனா பதறிப்போய் மணமகன் அறைக்கு ஓடினாள். தப்பாகப் புரிந்துகொண்டார்கள், நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினாள். தமிழரசு எழுந்து கதவைச் சாத்தினார். தன் போனைத் துண்டில் சுற்றி மேஜை இழுப்பறைக்குள் வைத்தார். மேடைத் தமிழைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

“எனக்குத் தெரியாதா அம்மிணி? நானும் எடப்பாடிக்காரந்தான். ஆனா மேல இருக்கறவிய நம்பிட்டாங்க. நம்புனவங்ககிட்டப் போயி இல்லைன்னு சொன்னா, நம்புனது தப்புன்னு ஆயிப்போயிரும். அது அவிய தப்பாகாது, நம்ம தப்பாயிரும். நீ பாட்டுக்கு இரு. உன்ற ஒரு வரிக்கும் இதுல வழி பொறக்கும்.”

அந்தக் கடைசி வார்த்தையில் பிரவீனா விழுந்துவிட்டாள். திட்டம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்குக் கோடு வேண்டும். கோடு என்றால் எழுத ஆள் வேண்டும். வேறு யார் எழுதப் போகிறார்கள்?

முதலில் திட்டத்தின் அளவைக் கணித்தார்கள். எல்லாரும் ஆளுக்கொரு எண் அட்டையை மார்போடு மறைத்து வைத்துக்கொண்டு, ஒன்று இரண்டு மூன்று என்றதும் தூக்கிக் காட்ட வேண்டும். சீட்டாட்டம்தான், ஆனால் இதற்குப் போலீஸ் வராது. வாரேன் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாத வேலை பெரிய வேலையாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் இருப்பதிலேயே பெரிய எண்ணைத் தூக்கினார்கள். நிறுவனத்தின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒருமித்த கருத்து ஏற்பட்டது என்று சாட்சி எழுதியது.

அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து மஞ்சள் டீசர்ட்டுகள் பெட்டி பெட்டியாக வந்தன. நெஞ்சில் ஆங்கிலத்தில் ‘வாரேன்’. அதைப் போட்டுக்கொண்டு கிளையின் ஆண்களும் பெண்களும் டவுன் பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, எங்கே வருகிறீர்கள் என்று கேட்டு டிக்கெட் கிழித்தார். தலைமையகத்தின் பயணப் பிரிவு, அந்த ஆங்கில எழுத்தை வாரன் என்று படித்து, அவர் வெளிநாட்டு ஆலோசகர் என்று தானாகவே முடிவுசெய்து, ஐந்து ரோடு பக்கம் ஓட்டலில் அவருக்கு ஏசி அறை போட்டுவிட்டது. கம்பெனி கார் ஒன்று தினமும் காமலாபுரம் விமான நிலையத்துக்குப் போய், பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தது. வாரன் ஒருநாளும் வரவில்லை. ஆனால் ஓட்டல் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொண்டதா என்று விசாரித்து மனிதவளத் துறை எழுதிய கடிதத்துக்குப் பதில் போயிற்று. ஒத்துக்கொண்டதாம்.

பிரவீனாவுக்குக் கீழே ஆட்களைப் போட்டார்கள். முடி நரைத்த பொறியாளர்கள் அவள் மேஜையைச் சுற்றி நின்று, என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள். எனக்கும் தெரியாதுங்க என்று உள்ளதைச் சொன்னாள். பணிவு மிக்க தலைமை என்று சாட்சி எழுதியது. இனி வாயே திறப்பதில்லை என்று ஒருநாள் பேசாமல் இறங்கிப் போனாள். மௌனம், தாமதத்தின் அறிகுறி என்று அது எழுத, ஆபத்து ஆய்வுக் குழு ஒன்று விடியக்காலை ரயிலில் வந்து இறங்கியது. மறுநாள் வார்த்தையை மாற்றிப் பார்ப்போம் என்று “கெளம்பறேனுங்க” என்றாள். இத்தனை மாதமாகியும் இப்போதுதான் கிளம்புகிறாரா என்று பெங்களூர் இடிந்துபோனது. வேறு வழியில்லாமல் மூன்றாம் நாள் பழையபடி வாரேனுங்க என்றாள். தலைமையகம் பெருமூச்சு விட்டது.

பிறகு சோதனைப் பிரிவு வந்தது. வாரேனை மேலும் கீழும் சோதித்தார்கள். அழுத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிழையும் அகப்படவில்லை. மகாசமுத்ராவில் பிழையே இல்லாத மென்பொருள் என்று ஒன்று அதுவரை இருந்ததில்லை. பாதுகாப்புப் பிரிவு, இதை உலகத்தில் எந்தத் திருடனாலும் உடைக்க முடியாது என்று எழுத்தில் கொடுத்தது. இரண்டும் நூற்றுக்கு நூறு உண்மை. வாரேனுக்கு ஆண்டின் சிறந்த தரத்துக்கான கேடயம் கிடைத்தது. பிரவீனா அதைப் பந்திக்கூடத்தில் ஆக்சஸ் இல்லாத தன் கம்ப்யூட்டரின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

சித்திரை பிறந்துவிட்டது. பயிற்சி முடியப் போகிறது. கேடயம் இருக்கிறது, வரி இல்லை. லாரி ஸ்டாண்டில் பார்க்கிறவர்களெல்லாம் அப்பாவிடம், பொண்ணுக்கு வேலை நிலையாகிவிட்டதா என்று கேட்கிறார்களாம். அவர் அதைச் சொல்லவில்லை, கூட ஓட்டுகிறவர் சொன்னார். பிரவீனா, வாரேனில் ஒரே ஒரு வரி கோடு சேர்க்க அனுமதி தாருங்கள், எழுதித் தருகிறேன், வேறு யாராவது ஏற்றிவிடட்டும் என்று கட்டமைப்புக் குழுவிடம் கேட்டாள். அவர்கள் திகைத்துப்போனார்கள். கோடு இருந்தால் பிழை வரும். கேடயம் வாங்கிய திட்டத்தில் கொண்டுபோய்க் கோடு போடுவதா? கறந்த பாலில் யாராவது சாணியைக் கரைப்பார்களா என்கிற மாதிரி அவளைப் பார்த்தார்கள்.

கடைசியில் துணைத் தலைவர் கௌசிக் நேரில் வந்தார். ஆரணிக்காரர்தான், ஆனால் தமிழ் தனக்குக் கொஞ்சம்தான் வரும் என்பதைச் சரளமான தமிழில் சொல்லுவார். மணமேடையில் வாழைமரம் கட்டி, குத்துவிளக்கு ஏற்றி, ஓரத்தில் நாயனக்காரரை உட்காரவைத்து, பின்னால் பெரிய திரை வைத்திருந்தார்கள். சாட்சி எழுதுவதெல்லாம் அதில் ஓடியது. கௌசிக் மைக்கைப் பிடித்தார்.

“ஒரு காலத்துல நாம கோடு எழுதினோம். அப்புறம் கோடு எழுதறவங்களை மேனேஜ் பண்ணினோம். இப்ப அந்த மேனேஜ்மென்ட்டையே மேனேஜ் பண்றோம். ஒவ்வொரு படியிலயும் வேலை குறைஞ்சிருக்கு, மதிப்பு கூடியிருக்கு. வாரேன்தான் உச்சம். இதுல வேலையே கிடையாது. நான் இன்னும் இதைப் பார்க்கலை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. இவ்ளோ மீட்டிங் நடந்திருக்குன்னா சும்மாவா நடந்திருக்கும்?”

கைதட்டல் அடங்கியதும் பிரவீனாவைப் பேசச் சொன்னார்கள். பொய்யின் மேல் ஏறி நின்று வேலை வாங்கி, அந்தச் சம்பளத்தில் அப்பாவுக்கு வேட்டி எடுத்துக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

“ஏனுங்க, அப்பிடியொரு திட்டமே இல்லீங்க. எங்கூருல வாரேன்னா போறேன்னு அர்த்தமுங்க. அவ்வளவுதானுங்க.”

தமிழரசு கண்ணை மூடிக்கொண்டார். சாட்சி சற்று யோசித்துவிட்டுத் திரையில் எழுதியது. ‘வருவதும் போவதும் ஒன்றே.’

கௌசிக் அதை ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபது வருடமாகத் தான் சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் தவித்தது இதுதான் என்றார். அடுத்த நிமிடமே அதை நிறுவனத்தின் கொள்கை வாசகமாக அறிவித்தார். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்கள் நுனிக்காலில் நின்று தட்டினார்கள்.

பிறகு நிரந்தரப் பணி ஆணையைப் படித்தார்கள். வாரேன் திட்டம் இன்று முதல் நிறுவனத்தின் நிரந்தரத் திட்டமாக ஆக்கப்படுகிறது. அதற்கு நிரந்தர அறை, நிரந்தர நிதி, நிரந்தரக் குழு. பிரவீனாவைப் பொறுத்தவரை, பயிற்சிக் காலத்தில் அவர் ஒரு வரி கோடும் எழுதவில்லை என்பது வருத்தத்துடன் கவனிக்கப்பட்டது. விதியைத் தளர்த்தினால் தரம் கெட்டுவிடும். ஆகவே பூங்கொத்து.

பூங்கொத்தை வாங்கியபோது அவளுக்கு அழுகை வரவில்லை. வந்தது சுத்தமான கோபம். ஒரு வருடம். ஒரு வரி. அதை எழுதவிடாமல் எழுதவிடாமல் பிடித்து வைத்திருந்தவர்களே, எழுதவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள். அவள் மைக்கை வாங்கி, பிறந்ததிலிருந்து எங்கே கிளம்பும்போதும் அந்த நாக்கு சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

“நான் போறேனுங்க.”

திரையில் எழுத்து ஓடியது. ‘பிரவீனா: போகிறது.’ வாரேன்தான் பயன்பாட்டுக்குப் போகிறது என்று யாரோ கத்தினார்கள். கௌசிக் துள்ளிக் குதித்தார். மேலிருந்து காகிதப் பூக்கள் கொட்டின. நாயனக்காரர் யாரும் சொல்லாமலே கெட்டிமேளம் வாசித்தார். அந்தக் கூத்தின் நடுவில் அவள் படியிறங்கி வாசலைத் தாண்டியதை யாரும் பார்க்கவில்லை.

தமிழரசு மட்டும் பார்த்தார். போட்டிருந்த மஞ்சள் டீசர்ட்டோடு வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்து, பைபாஸ் ஓரத்து நிறுத்தத்தில் அவளைப் பிடித்தார். முகம் வெளுத்திருந்தது.

“அம்மிணி, எதுக்கு வேண்ணாலும் கோவிச்சுக்க. அந்த வார்த்தைய மட்டும் சொல்லிப்போட்டுப் போகாத. கல்யாணம் நடந்த எடம். வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ சாமி.”

அவர் கையில் போன் இருந்தது. அதில் சாட்சியின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பிரவீனா அதைக் காட்டி, முதல்ல அதை நிறுத்துங்க, சொல்றேன் என்றாள். தமிழரசு போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார்.

“நிறுத்தறதுக்கு எனக்கு ஆக்சஸ் இல்லீங் அம்மிணி. கேட்டு ஏழு வருசமாச்சு. இன்னும் வரலை.”

ஏழு வருடத்துக்கு முன்னால் ஏது சாட்சி என்று கேட்க வாயெடுத்தவளுக்கு, அவர் கேட்டது கோடு எழுதுகிற ஆக்சஸ் என்பது புரிந்தது. இந்த மனிதரும் ஒரு காலத்தில் கோடு எழுதத்தான் வந்திருப்பார். அவளுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

ராசிபுரம் பஸ் தூரத்திலேயே ஏர்ஹாரனை அடித்துக்கொண்டு வந்தது. அந்த ரூட்டு டிரைவர்கள் ஹாரனில் பாட்டே வாசிப்பார்கள். அவள் பொறுத்திருந்தாள். பஸ் பக்கத்தில் வந்து, காதைப் பிளக்கிற மாதிரி டிரைவர் அடிக்க, அந்தச் சத்தத்துக்குள் வாயைத் திறந்து, “வாரேனுங்க” என்றாள். தமிழரசுவுக்குக் கேட்டது. அவர் போனுக்கும் கேட்கவில்லை, அவள் பைக்குள் இருந்த போனுக்கும் கேட்கவில்லை. போயிட்டு வா சாமி என்று அவர் உதடு அசைந்ததை, ஓடி ஏறிப் படியில் நின்றபடி அவள் பார்த்தாள்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் பாலம் ஏறுவதற்குள் அவள் போன் சிணுங்கியது. சாட்சியின் கடைசிக் குறிப்பு அவளுக்கும் வந்திருந்தது. ‘தமிழரசு: பாம் பாபாம். புதிய திட்டம் எனத் தெரிகிறது. எப்போது முடியும்?’ கீழேயே கௌசிக்கின் வாழ்த்து. பெயர் அருமையாக இருக்கிறதாம்.

பிரவீனா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, கொஞ்சம் அழுகையும் அதோடு கலந்துகொண்டது. அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. வேலை போய்விட்டது, அவ்வளவுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனிலேயே கோடு எழுதுகிற செயலி ஒன்றை இறக்கினாள். அது யாரையும் எதுவும் கேட்கவில்லை. அனுமதி கேட்கவில்லை, அட்டையைத் தூக்கச் சொல்லவில்லை. ஒரு வரி அடித்தாள். ஒரே ஒரு வரி. ஒரு வார்த்தையைத் திரையில் காட்டு என்கிற வரி. அழுத்தினாள். ஓடியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று வந்து நின்றது.

‘வந்தாச்சு.’

பக்கத்தில் மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் எட்டி அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஜன்னல் வழியாக வெளியே ஒருமுறை பார்த்தார்.

“எங்க சாமி வந்தாச்சு? இன்னும் மல்லூரே வர்லியே.”